ஓர் எழுத்தைக் காணோம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் ஒருவரைப் பற்றி அரை மணி நேரம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டார். நான் பெயரைச் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏன் சார், நம்ம பக்கம் ஆளே கிடைக்கலையா?" என்றார். நம்ம பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிப் பேசத் தமிழ்த்துறையும் இருக்கிறது. ழோர்ழ் பெரெக் என்ற பிரெஞ்சுக்காரரைப் பற்றிப் பேச இந்த மேடைக்கு வேறு யாரும் வரப்போவதில்லை. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, ஓர் ஆராய்ச்சிக் கூடத்து நூலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கேட்டலாக் கார்டு எழுதிப் பிழைத்தவன் நான். பெரெக்கும் கார்டு எழுதிப் பிழைத்தவர்தான். அந்தப் பாத்தியதையில் பேசுகிறேன்.

1961-இல் இருந்து 1978 வரை, பதினேழு வருஷம், பாரிசில் செயின்ட் ஆன்ட்வான் மருத்துவமனையில் இருந்த நரம்பியல் ஆராய்ச்சிக் கூடத்தில் அவருக்கு வேலை. விஞ்ஞானிகளுக்கு வேண்டிய கட்டுரைகளைத் தலைப்பு வாரியாக அட்டையில் குறித்து வைத்து, கேட்கும்போது எடுத்துக் கொடுக்க வேண்டும். பெரிய சம்பளம் கிடையாது. 1965-இல் 'பொருட்கள்' என்ற முதல் நாவலுக்கு ரெனோதோ பரிசு கிடைத்து, ஊரெல்லாம் பேர் தெரிந்த பிறகும் அந்த மேஜையை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. நாவல்களுக்கு நடுவே, 1974-இல், அதே கூடத்துச் சகாக்கள் சிரிப்பதற்காக ஆங்கிலத்தில் ஒரு 'விஞ்ஞானக் கட்டுரை' எழுதினார். மேடையில் பாடும் பாடகியின் மேல் தக்காளி எறிந்தால் அவர் ஏன் வீறிடுகிறார் என்பதைப் பற்றிய ஆராய்ச்சி! செய்முறை, வரைபடம், மேற்கோள் பட்டியல் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். இங்கே பிஎச்.டி. செய்துகொண்டிருக்கிற பிள்ளைகள் தேடிப் படியுங்கள். உங்கள் கைடுக்குக் காட்ட வேண்டாம்.

இப்படிச் சொன்னால் ஏதோ வேடிக்கைக்காரர் என்று தோன்றும். உலகமும் அவரை ரொம்ப நாள் அப்படித்தான் வைத்திருந்தது. வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் போட்டி தயாரிப்பார். ஐயாயிரம் எழுத்துக்கு மேல் போகும் ஒரு பத்தி எழுதினார். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றே. நம் புலவர்கள் 'மாலைமாற்று' என்று சொல்வார்களே, அதுதான். சித்திரக்கவி, நாகபந்தம், ரதபந்தம் என்று வளர்ந்த மொழி நம்முடையது. ஆகவே நமக்கு இதில் அதிர்ச்சி இல்லை. ஆனால் "இதெல்லாம் கழைக்கூத்து, இதில் இலக்கியம் எங்கே?" என்ற கேள்வி நமக்கும் பழகினதுதான். இன்றைக்கு நான் பேச வந்ததே அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

முதலில் ஆளைப் பார்ப்போம்.

1936-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் தேதி பாரிசில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் போலந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதர்கள். பெல்வில் என்ற ஏழைப் பகுதியில் விலேன் தெரு என்று ஒரு தெரு. அங்கே அம்மா பெண்களுக்கு முடி திருத்தும் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். 1939-இல் போர் வந்தது. அப்பா பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். 1940 ஜூன் 16 அன்று காயம்பட்டு இறந்தார். பையனுக்கு அப்போது வயது நான்கு.

ஜெர்மானியர் பாரிசைப் பிடித்த பிறகு, பையனுக்கு ஐந்தாறு வயது இருக்கும்போது, அம்மா அவனை ரயில் நிலையத்துக்குக் கூட்டிப் போய், செஞ்சிலுவைச் சங்கத்தின் ரயிலில் ஏற்றி, தெற்கே ஜெர்மானியர் பிடிக்காத பகுதிக்கு அனுப்பி வைத்தார். மலையடிவாரத்து ஊரில் உறவினர்களோடும் பள்ளி விடுதியிலுமாகப் பையன் பிழைத்துக் கிடந்தான். அம்மாவால் போக முடியவில்லை. 1943 ஜனவரியில் அவரைப் பிடித்தார்கள். பிப்ரவரி 11-ஆம் தேதி ஆஷ்விட்ஸுக்குப் புறப்பட்ட ரயிலில் ஏற்றினார்கள். அத்தோடு சரி. கல்லறை கிடையாது. இறந்த நாள் கிடையாது. போர் முடிந்து சில வருஷங்கள் கழித்து பிரெஞ்சு அரசாங்கம் ஒரு காகிதம் கொடுத்தது. அதன் பெயர் 'காணாமற்போனதற்கான சான்றிதழ்'. இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவேன்.

பையனை எடுத்து வளர்த்தவர் அத்தை எஸ்தர். அத்தை வீட்டுக்காரருக்கு முத்து வியாபாரம், வசதிக்குக் குறைவில்லை. படித்தான், பட்டாளத்தில் பாராசூட் பிரிவில் கட்டாய சேவை செய்தான், கல்யாணம் செய்துகொண்டான், ஒரு வருஷம் துனீசியாவில் இருந்துவிட்டு வந்தான், கார்டு எழுதும் வேலையில் சேர்ந்தான். இந்தப் பகுதியை நான் வேகமாகத்தான் தாண்டுகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

1967-இல் அவர் ஒரு குழுவில் சேர்ந்தார். 'உலிப்போ' என்று பெயர். 1960 நவம்பரில் ரேமோன் கெனோ என்ற எழுத்தாளரும் பிரான்சுவா லெ லியோனே என்ற கெமிக்கல் இன்ஜினியரும் ஆரம்பித்தது. (நம்ம டிபார்ட்மெண்ட் ஆள்! கை தட்டலாம்.) கணிதக்காரர்களும் கவிஞர்களும் மாசம் ஒருமுறை கூடிச் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார்கள். அவர்கள் கொள்கை இவ்வளவுதான்: எழுதுவதற்கு முன்னால் உனக்கு நீயே ஒரு விதி போட்டுக்கொள், கடுமையான விதியாக இருக்கட்டும், அந்த விதி உன்னை எங்கே கொண்டுபோகிறது என்று பார். நமக்கு வெண்பா தெரியும். தளை தட்டக்கூடாது என்று தேடப் போய், நாம் நினைத்தே பார்க்காத ஒரு சொல் வந்து விழும் இல்லையா? அதைத்தான் அவர்கள் வேண்டுமென்றே தேடினார்கள்.

பெரெக் தேர்ந்தெடுத்த விதி என்ன? ரோமன் எழுத்தில் ஐந்தாவது எழுத்து, ஆங்கிலத்தில் 'ஈ' என்கிறோமே, அது இல்லாமல் ஒரு நாவல். பிரெஞ்சில் அதிகமாக வருகிற எழுத்தே அதுதான். அது இல்லாமல் முந்நூறு பக்கம்! 1969-இல் வெளிவந்தது. கதையிலும் ஓர் ஆள் காணாமல் போகிறான். தேடுகிறவர்களும் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள், சாகிறார்கள். எதைத் தேடுகிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அதன் பெயரைச் சொல்லவே முடியாது. இருபத்தாறு அத்தியாயம் போட்டு, ஐந்தாவது அத்தியாயத்தை மட்டும் விட்டிருப்பார். நான்குக்குப் பிறகு ஆறு. எழுத்து இல்லாததைக் கவனிக்காமலே மதிப்புரை எழுதிவிட்டார் ஒரு விமர்சகர் என்று ஒரு கதை வழங்குகிறது. மதிப்புரை எழுதுகிறவர்கள் புத்தகம் படிப்பதில்லை என்பது எல்லா ஊருக்கும் பொது போலிருக்கிறது.

இந்த இடத்தில் நம் வீட்டுச் சொத்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிரோட்டகம் என்று ஒரு வகை உண்டு. ஓட்டம் என்றால் உதடு. உதடு ஒட்டாமலும் குவியாமலும் பாட வேண்டும். ப, ம, வ வரக்கூடாது. உ, ஊ, ஒ, ஓ, ஔ வரக்கூடாது. சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தூர் முருகன் மேல் இந்த விதியில் ஓர் அந்தாதியே பாடியிருக்கிறார், அதுவும் யமகத்தோடு. "நல்ல நாளில் நான் அங்கே சென்றேன்" என்று சொல்லிப் பாருங்கள், உதடு ஒட்டாது. சரி, அடுத்த வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள். அங்கேதான் வியர்க்கும்.

இதற்கும் முன்னால், காஞ்சியில் பல்லவர் காலத்தில் இருந்தவராகச் சொல்லப்படும் தண்டி, வடமொழியில் 'தசகுமார சரிதம்' எழுதினார். பத்து இளைஞர்கள் தத்தம் கதையைச் சொல்கிறார்கள். அதில் மந்திரகுப்தன் என்பவன் தன் கதை முழுவதையும் உதட்டெழுத்தே வராமல் சொல்வான். ஏன் தெரியுமா? முந்தின இரவு காதலி உதட்டைக் கடித்துவிட்டாள். புண். (சிரிப்பு). இளைஞர்கள் சிரிக்கிறீர்கள், சரி. ஆனால் தண்டி செய்திருப்பதைக் கவனியுங்கள். அவர் அங்கே வித்தை மட்டும் காட்டவில்லை. பேசுகிறவனுக்கு வலி இருக்கிறது, வலிக்கிற இடத்தைத் தொடாமல் பேசுகிறான், அதனால் சில ஒலிகள் வரவில்லை. விதிக்கு ஒரு காரணம் வைத்தார். காரணம், ஒரு காயம்.

பெரெக் தண்டியைப் படித்தாரா இல்லையா என்பது எனக்கு முக்கியமில்லை. ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து பாரிசில் ஒருவர் அதே வேலையைச் செய்தார். அவருக்கு வலித்த இடம்தான் வேறு.

நிரோட்டகத்தில் 'அம்மா' என்று கூப்பிட முடியாது. 'அப்பா' என்றும் முடியாது. இரண்டுக்கும் உதடு ஒட்டியாக வேண்டும். எழுத்துத் தமிழில் தாய், தந்தை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். வாய்விட்டுக் கூப்பிட முடியாது. பிரெஞ்சில் அந்த ஐந்தாவது எழுத்தை எடுத்துவிட்டால் தப்பிப்பது கடினம். அப்பா என்பதற்கான சொல்லில் அது இருக்கிறது. அம்மாவுக்கான சொல்லில் இருக்கிறது. பெற்றோர், குடும்பம், 'நான்' என்ற சொல், எல்லாவற்றிலும் இருக்கிறது. ழோர்ழ் பெரெக் என்று அவர் பெயரை எழுதினால் அந்த எழுத்து நான்கு தடவை வரும். அப்பா இல்லை, அம்மா இல்லை, வீடு முழுக்க இல்லை, தன் பெயரையே எழுத முடியாது. அப்படி ஓர் உலகத்தைக் கட்டி, அதற்குள் முந்நூறு பக்கம் குடியிருந்தார். இன்னொன்று. அந்த எழுத்தின் பெயரை பிரெஞ்சுக்காரர்கள் உச்சரிக்கும் விதமும், 'அவர்கள்' என்ற சொல்லை உச்சரிக்கும் விதமும் காதுக்கு ஒன்றுதான். 'அந்த எழுத்து இல்லாமல்' என்று சொன்னால் 'அவர்கள் இல்லாமல்' என்று கேட்கும்.

நாவலின் தலைப்பு: 'காணாமற்போதல்'. அந்த அரசாங்கக் காகிதத்தில் இருந்த அதே சொல்.

இதை நாவலுக்குள் எங்கேயும் அவர் விளக்கவில்லை. இப்படி அர்த்தம் பார்ப்பது அதிகப்படி என்று சொல்லும் படிப்பாளிகளும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே சமயம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த நாவல் சில இடங்களில் இழுக்கும். விதிக்குக் கட்டுப்பட்டு அபூர்வமான சொற்களாகக் குவியும்போது மூச்சு முட்டும். ஆனால் மூச்சு முட்டுவதுதான் நோக்கமோ என்றும் தோன்றும். கில்பர்ட் அடேர் 1994-இல் அதே எழுத்து இல்லாமல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். ஸ்பானியத்தில் 'ஏ'யை நீக்கி மொழிபெயர்த்தார்கள். தமிழில் எதை நீக்குவது? 'அம்மா'வில் இருக்கிற ஏதாவது ஒன்றை நீக்கினால்தான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். தமிழ்த்துறை மாணவர்கள் யோசியுங்கள்.

ஆரம்பிக்கிறவர்கள் இந்த நாவலில் ஆரம்பிக்காதீர்கள். 1975-இல் வந்த 'டபிள்யூ அல்லது சிறுவயது நினைவு' என்பதில் ஆரம்பியுங்கள். இருநூறு பக்கத்துக்குச் சற்று மேல்தான் இருக்கும். இரண்டு கதைகள் மாறி மாறி ஓடும். ஒன்றில், தனக்குச் சிறுவயது நினைவே இல்லை என்று சொல்லிக்கொண்டு, கையில் இருக்கும் இரண்டு மூன்று புகைப்படங்களையும் அரைகுறை ஞாபகங்களையும் வைத்து அப்பா அம்மாவைத் தேடுவார். ஒரு ஞாபகத்தைச் சொல்வார். அடிக்குறிப்பில் அது தப்பாக இருக்கலாம் என்பார். அத்தை வேறு மாதிரி சொன்னதாகச் சொல்வார். நூலகக்காரன் புத்தி! எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார். இன்னொரு கதையில் டபிள்யூ என்று ஒரு தீவு. அது விளையாட்டு வீரர்களின் தீவு. பதின்மூன்று வயதில் அவர் மனதில் கட்டிய கற்பனைத் தீவு அது. ஒலிம்பிக் மாதிரி, போட்டி, வெற்றி, பரிசு. முதலில் அழகாக இருக்கும். அத்தியாயம் போகப் போக, தோற்றவனுக்குச் சாப்பாடு இல்லை, விதி நினைத்த நேரத்தில் மாறும், ஜெயித்தவனுக்கும் நிச்சயம் இல்லை. கடைசியில் நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரியும்போது, அது வதை முகாம். அம்மா போன இடத்துக்கு அவர் நேர்வழியில் போகவில்லை. பதின்மூன்று வயதுக் கதை ஒன்றைப் பிடித்துக்கொண்டு சுற்றுவழியில் போய்ச் சேர்ந்தார். இரண்டு பகுதிக்கும் நடுவே ஒரு பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மூன்று புள்ளி மட்டும் இருக்கும். ரயிலடிப் பிரிவுக்கு அந்தப் பக்கத்தில் வேறு சொல் கிடையாது.

அந்தப் புத்தகத்தின் சமர்ப்பணம் ஓர் எழுத்துக்கு. எந்த எழுத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கணிதத் துறைக்காரர்கள் தூங்குவதற்கு முன்னால் 'வாழ்க்கை: பயன்படுத்தும் முறை' பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1978-இல் வந்தது, மெதிசி பரிசு பெற்றது. 1987-இல் டேவிட் பெல்லாஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். நான் படித்தது அதைத்தான். என் பிரெஞ்சு நூலகத்து வேலைக்காகக் கற்றது, பக்கத்தில் அகராதி இல்லாவிட்டால் நொண்டும். பாரிசில் ஓர் அடுக்கு மாடிக் கட்டடம். முன்பக்கச் சுவரைப் பெயர்த்தெடுத்தால் கொலு மாதிரி எல்லா அறையும் தெரியுமில்லையா? பத்துக்குப் பத்துக் கட்டம். சதுரங்கக் குதிரை ஒரு கட்டத்தையும் இரண்டு முறை மிதிக்காமல் எல்லாக் கட்டத்திலும் போய்வருவது போல, அறை அறையாகக் கதை நகரும். ஒவ்வோர் அறையிலும் என்னென்ன பொருள், என்னென்ன விஷயம் வர வேண்டும் என்பதை ஒரு கணிதச் சதுரம் தீர்மானிக்கும். பத்தாம் வரிசையில் அப்படி ஒரு சதுரம் இருக்கவே முடியாது என்று 1782-இல் ஆய்லர் ஊகித்தார். 1959-இல் அது தப்பு என்று காட்டிய மூவரில் இருவர் நம் நாட்டவர்: ஆர். சி. போஸும் எஸ். எஸ். ஸ்ரீகண்டேயும். மூன்றாமவர் பார்க்கர். ஆக, பாரிஸ் கட்டடத்தின் அஸ்திவாரத்தில் இரண்டு இந்தியர்களின் கணக்கும் இருக்கிறது.

அந்தக் கட்டடத்தில் பார்ட்டில்பூத் என்று ஒரு பணக்காரர். பத்து வருஷம் நீர்வண்ண ஓவியம் கற்பார். இருபது வருஷம் உலகம் சுற்றி ஐந்நூறு துறைமுகங்களை வரைவார். ஒவ்வொன்றையும் பலகையில் ஒட்டி எழுநூற்றைம்பது துண்டாக அறுக்கச் சொல்வார். இன்னும் இருபது வருஷம் அவற்றைச் சேர்ப்பார். சேர்த்ததும் வரைந்த இடத்துக்கே அனுப்பி, வண்ணத்தைக் கழுவி, வெள்ளைக் காகிதமாகத் திரும்ப வாங்கிக்கொள்வார். ஒன்றுமில்லாததில் தொடங்கி ஒன்றுமில்லாததில் முடிய வேண்டும் என்று திட்டம். முடிந்ததா? முடியாது. நானூற்று முப்பத்தொன்பதாவது படத்தில் ஒரே ஒரு துண்டு மிச்சம் இருக்கும்போது இறந்துபோவார். கையில் இருக்கிற துண்டு அந்த ஓட்டைக்குப் பொருந்தாது. கட்டங்கள் நூறு, ஆனால் அத்தியாயம் தொண்ணூற்றொன்பதுதான். ஒரு மூலையை வேண்டுமென்றே விட்டிருக்கிறார். எங்கே பார்த்தாலும் இந்த மனுஷனிடம் ஒன்று குறையும்.

இதை எழுதி முடித்த பிறகுதான் கார்டு வேலையை விட்டார். முழுநேர எழுத்தாளராக இருந்தது நான்கு வருஷம்கூட இல்லை. 1981-இல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் உள்ள குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துக்கு விருந்தினராகப் போய்வந்தார். நுரையீரல் புற்றுநோய். 1982 மார்ச் 3-ஆம் தேதி இறந்தார். இன்னும் நான்கு நாளில் நாற்பத்தாறு முடிந்திருக்கும்.

மற்றவர்கள் இவரிடமிருந்து என்ன எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டால், வானத்தில் ஒரு சிறுகோளுக்கு இவர் பெயர் இருக்கிறது, பாரிசில் ஒரு சிறு தெருவுக்கு இருக்கிறது என்று சொல்லலாம். எனக்கு அதைவிட, அவர் இறந்த பிறகு வெளிவந்தவைதான் ஆச்சரியம். 1960-இல் ஒரு பெரிய பதிப்பகம் திருப்பி அனுப்பிய நாவல், பிறகு வீடு மாறும்போது தொலைந்துபோயிற்று. இனிக் கிடைக்காது என்றே அவர் நினைத்திருந்தார். பிரதிகளைத் தேடிக் கண்டுபிடித்தவர் அதே பெல்லாஸ், வாழ்க்கை வரலாறு எழுதப் போன இடத்தில். 2012-இல் அச்சாயிற்று. இன்னொன்று: 1969-இல் பாரிசில் பன்னிரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்தார். மாதம் ஓர் இடத்துக்குப் போய் உட்கார்ந்து கண்ணில் படுவதை எழுதுவார். இன்னோர் இடத்தை நினைவிலிருந்து எழுதுவார். உறையில் போட்டு மூடி ஒட்டிவிடுவார். பன்னிரண்டு வருஷம் செய்வதாகத் திட்டம். 1975-இல் கைவிட்டார். அந்த உறைகளில் இருந்தது 2022-இல்தான் முழுப் புத்தகமாக வந்தது.

பன்னிரண்டு இடங்களில் ஒன்று விலேன் தெரு. வருஷா வருஷம் போவார். வீட்டு எண், கடைப் பெயர், ஜன்னலில் யார், எந்தக் கட்டடத்துக்குப் பூட்டு, எதை இடித்துவிட்டார்கள், எல்லாம் வருமானவரிக்காரர் மாதிரி எழுதுவார். உணர்ச்சி ஒரு சொல் இருக்காது. இருபத்து நான்காம் எண்ணுக்கு வந்தால், கதவின் மேல் பெண்களுக்கு முடி திருத்தும் கடை என்ற எழுத்து மங்கலாக இன்னும் தெரிகிறது என்று குறிப்பார். அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அம்மாவின் கடைப் பலகை அது. அந்த வீடு இன்று இல்லை. இடித்துச் சமன் செய்த அந்தப் பகுதியில் 1988 முதல் பூங்கா இருக்கிறது.

சமீபத்தில் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: "சார், அம்மாவைப் பற்றி எழுதணும்னா நேரா எழுதலாமே, எதுக்கு இவ்வளவு சுத்தணும்?" நல்ல கேள்வி. நேராக எழுத அம்மாவைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். இவருக்குத் தெரிந்தது ஒரு ரயில் நிலையம், சில புகைப்படம், ஓர் அரசாங்கக் காகிதம். அழுவதற்குக்கூட ஞாபகம் வேண்டும், அம்மா. அது இல்லாதவன் என்ன செய்வான்? இல்லாமையின் அளவை எடுப்பான். எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம் என்று டேப் வைத்து அளப்பான். விதி என்பது அந்த டேப். நான் அவளுக்குச் சொன்ன பதில் இதுதான், இதற்குமேல் எனக்கும் தெரியவில்லை.

நிற்க. உலிப்போ குழு இன்னமும் கூடுகிறது. அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் இறந்துவிட்டால் பெயரை நீக்குவதில்லை. கூட்டத்துக்கு வர இயலாதவர் பட்டியலிலே வைத்திருப்பார்கள். காரணம் என்ற இடத்தில் 'மரணம்' என்று எழுதுவார்கள். பெரெக் 1982-இல் இருந்து லீவில் இருக்கிறார். காலையில் செயலாளர் இந்த வருஷம் மறைந்தவர்கள் பெயரைப் படித்தபோது என் 1976 பேட்சில் மூன்று பெயர் வந்தது. ஒருவன் எனக்கு லேபில் பக்கத்து பெஞ்ச். 'மறைந்த உறுப்பினர்கள்' என்று தனிப் பக்கம் போடுவதற்குப் பதிலாக, வருகைப் பதிவேட்டிலேயே அவர்கள் பெயரை விட்டுவைத்து எதிரே காரணத்தை எழுதலாமே என்று சங்கத்துக்கு ஒரு யோசனை. பொதுக்குழுவில் வைப்பதானால் நான் வழிமொழியத் தயார்.

கடைசியாக ஒரு சின்னப் புத்தகம். நாம் இந்த மலருக்கு 'சுவனீர்' என்று ஆங்கிலம் போலச் சொல்கிறோம். அது பிரெஞ்சுச் சொல். ஞாபகம் என்று அர்த்தம். அதே வேரிலிருந்து 1978-இல் பெரெக் ஒரு தலைப்பு வைத்தார்: 'எனக்கு நினைவிருக்கிறது'. ஜோ பிரெய்னார்டு என்ற அமெரிக்கரிடமிருந்து எடுத்த உத்தி என்று அவரே சொல்லியிருக்கிறார். நானூற்று எண்பது குறிப்பு, ஒவ்வொன்றும் 'எனக்கு நினைவிருக்கிறது' என்று தொடங்கும். பெரும்பாலும் ஒரு வரி, இரண்டு வரி. அவருக்குப் பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வரைக்கும் பழகிய விஷயங்கள். சைக்கிள் பந்தய வீரர்கள், நடிகர்கள், விளம்பரப் பாட்டு, மெட்ரோ. பெரிய சம்பவத்துக்கு இடம் கிடையாது; தன் சொந்தக் கதைக்கும் அதிகம் கிடையாது. அந்த வயதுக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்து, இப்போது இல்லாமல் போய், யாரும் எழுதி வைக்காத அற்ப விஷயங்கள்தான் வேண்டும். சிறுவயது நினைவே இல்லை என்று எழுதிய மனுஷர், பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தனக்கும் பொதுவான ஞாபகங்களைப் பொறுக்கிச் சேர்த்தார்.

இன்று காலை தேநீர் வேளையில் நண்பர்களோடு இதை விளையாடிப் பார்த்தோம். வந்தவை சில:

எனக்கு நினைவிருக்கிறது, கிப்ஸ் அப்பரேட்டஸ் நாற்றம் சட்டையிலேயே ஹாஸ்டல் வரை வரும்.

எனக்கு நினைவிருக்கிறது, கிளார்க்ஸ் டேபிளின் அட்டையைப் பிரவுன் பேப்பரில் போட்டு, அதன் உள்பக்கத்தில் ஃபார்முலா.

எனக்கு நினைவிருக்கிறது, பி.யூ.சி. என்று ஒரு வகுப்பு.

எனக்கு நினைவிருக்கிறது, சைக்ளோஸ்டைல் செய்த கேள்வித்தாளில் கை பட்டால் மை ஒட்டும்.

எனக்கு நினைவிருக்கிறது, மணியார்டர் பாரத்தின் அடியில் அப்பா எழுதும் இரண்டு வரி.

எனக்கு நினைவிருக்கிறது, மெஸ்ஸில் இலங்கை வானொலி கேட்கும் வரைக்கும் யாரும் எழுந்து கை கழுவமாட்டார்கள்.

இன்றைய மாணவர்களுக்கு இதில் பாதி புரியாது. சரிதான். உங்கள் பட்டியல் இன்னும் இருபது வருஷத்தில் உங்கள் ஜூனியர்களுக்குப் புரியாது. அதற்கு முன்னால் எழுதிவிடுங்கள்.

தம் புத்தகத்தின் கடைசியில் சில பக்கங்களை வெறுமனே விடும்படி பெரெக் பதிப்பாளரைக் கேட்டுக்கொண்டார், படிக்கிறவர் தம் ஞாபகங்களை எழுதிக்கொள்ளட்டும் என்று. மலர்க் குழுவிடம் நானும் கேட்டேன். பொருளாளர் முகம் மாறிற்று. ஒரு பக்கம் என்றால் ஒரு விளம்பரம் போச்சு. பேரம் பேசி இரண்டு பக்கத்துக்குச் சம்மதித்தார். பின்னட்டைக்கு முன்னால் இருக்கும். அச்சகத்தார் தவறு என்று யாரும் போன் செய்ய வேண்டாம். பேனா இருந்தால் போதும். பால்பாயிண்டில் எழுதுங்கள், மை பேனாவுக்கு அந்தத் தாள் ஊறும்.